இம்மி

1

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கூடியிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். கவிதையில் சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பேச்சு. நான் பெரிதும் மதிக்கும் கவிஞர் ஒருவர் கணிதத்திலிருந்து ஓர் உதாரணம் சொன்னார். பூஜ்யம், புள்ளி, அதன்பின் ஒன்பது, மறுபடி ஒன்பது, மறுபடியும் ஒன்பது என்று முடிவேயில்லாமல் எழுதிக்கொண்டு போனால் அந்த எண் ஒன்றை நெருங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் ஒன்றாகிவிடாது, கவிதை உண்மையை நெருங்குவதும் இப்படித்தான் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வீடு திரும்பும் வழியில் உறுத்த ஆரம்பித்தது. இதே விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. பள்ளிக்கூடத்தில் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று மூன்று ஓயாமல் வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினேன். ஒரு பக்கம் ஒன்று வந்தது, மறுபக்கம் 0.999... வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். வாத்தியார் சமக்குறியை அடித்துவிட்டு அதன் மேல் ‘ஏறத்தாழ’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த ‘ஏறத்தாழ’ பல வருஷங்கள் என்னோடு இருந்தது. மாடியில் நான் தலையாட்டியது கவிஞருக்காக அல்ல, அந்த வாத்தியாருக்காகத்தான் என்று இப்போது படுகிறது.

நண்பர் சொன்னது அழகான வாக்கியம், ஆனால் தவறான வாக்கியம். 0.999... ஒன்றுக்குச் சமம். ஏறத்தாழச் சமம் இல்லை. இம்மியும் குறையாமல் சமம். இன்று எந்தக் கணிதப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதற்கு நிரூபணம் கிடைக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, இந்தச் சமத்தைத் தயக்கமில்லாமல் சொல்ல மனிதனுக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பது. 1978-ல் டேவிட் டால், ஷ்வார்ஸன்பெர்கர் என்ற இருவர், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களிடமே இதைக் கேட்டுப் பார்த்து எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றைவிடக் குறைவு என்றார்கள். ஆக, நண்பர் தனியாக இல்லை. ஒரு தவறு இவ்வளவு பேருக்கு இவ்வளவு இயல்பாக வருகிறதென்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது.

2

மேலே இம்மி என்றேன். ‘இம்மியளவும்’, ‘இம்மி பிசகாமல்’ என்று நாம் தினமும் சொல்கிறோம். அது வெறும் அலங்காரச் சொல் இல்லை. ஒரு காலத்தில் கணக்கில் நின்ற பின்னம்.

தமிழ்க் கணக்கின் கீழ்வாய் இலக்கங்களில் அரை, கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கினால் முந்திரியில் வந்து நிற்போம். முந்திரி 1/320. அதற்கும் கீழே கீழ்முந்திரி. முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, அதாவது 1/102400. அதற்குக் கீழே வாய்பாடு தரும் அளவு இம்மி. இருபத்தொரு இம்மி ஒரு கீழ்முந்திரி.

ஒன்றை மூன்று பேருக்குப் பிரிக்கிற கணக்கை இந்த அளவுகளில் போட்டுப் பார்த்தேன். ஒன்று என்பது 320 முந்திரி. ஆளுக்கு 106, மிச்சம் 2. அந்த இரண்டையும் உடைத்தால் 640 கீழ்முந்திரி. ஆளுக்கு 213, மிச்சம் 1. இன்னும் கீழே கீழே முந்நூற்றிருபதாகவே உடைத்துக்கொண்டு போனால் மிச்சம் இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என்று என்றைக்கும் தீராது. ஆனால் வாய்பாடு அப்படிப் போகவில்லை. கீழ்முந்திரியை இருபத்தொன்றாக உடைக்கிறது. ஆளுக்கு ஏழு இம்மி. மிச்சம் இல்லை. கணக்கு முடிந்தது.

இதில் மூன்றில் ஒன்று எங்கேயும் மாறவில்லை. முந்திரியில் எழுதியபோது அது முடியாமல் இழுத்தது, இம்மியில் எழுதியபோது அடங்கிவிட்டது. காரணம் சாதாரணமானது. 320-ஐ மூன்று வகுக்காது, 21-ஐ வகுக்கும். பத்தையும் மூன்று வகுக்காது. ஆகவேதான் நம் தசமத்தில் 0.333... ஓயவே ஓயாது. அறுபதை அடிப்படையாக வைத்துக்கொண்ட பாபிலோனியக் கணக்கனுக்கு மூன்றில் ஒன்று சரியாக அறுபதில் இருபது. அவனுக்கு அதில் எந்த மர்மமும் கிடையாது. அவனைத் திணற அடித்தது ஏழு. அவன் களிமண் பலகைகளில் எழுதிவைத்த தலைகீழ் எண் வாய்பாடுகளில் ஆறுக்கு அடுத்து எட்டு வரும். ஏழு வராது.

ஆகவே முதலில் தெளிய வேண்டியது இது. ஓயாமல் வருவது எண்ணின் குணம் இல்லை, அதை எழுதுகிற முறையின் குணம். 0.999... என்பதில் நாம் காணும் தவிப்பு முழுவதும் பத்தால் எழுதுகிற பழக்கத்திலிருந்து வருகிறது. நண்பர் அந்தத் தவிப்பை எண்ணுக்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டார்.

3

பத்தால் எழுதுகிற பழக்கத்தை ஐரோப்பாவில் பின்னத்துக்கும் கொண்டுபோய்ப் பரப்பியவர் சைமன் ஸ்டெவின். 1585-ல் லெய்டனில் டச்சு மொழியில் வெளிவந்த அவருடைய சிறு புத்தகத்தின் பெயருக்குப் ‘பத்திலொன்று’ என்று பொருள். அதை அவர் தத்துவவாதிகளுக்கு எழுதவில்லை. வானநூலார், நிலம் அளப்போர், துணி அளப்போர், பீப்பாய் அளப்போர், நாணயச்சாலைக்காரர், வியாபாரிகள் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

வகுத்தலைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவருக்கும் மூன்று குறுக்கே வருகிறது. நான்கை மூன்றால் வகுத்தால் மூன்றுகள் முடிவில்லாமல் வரும், ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒன்று மிச்சம் நிற்கும் என்கிறார். பிறகு, காரியத்துக்கு வேண்டிய அளவு நெருங்கிப் போய் மிச்சத்தை விட்டுவிடலாம் என்கிறார். துணி வியாபாரிக்கு இது போதும். ஸ்டெவின் நேர்மையானவர், மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறார். என் வாத்தியாரின் ‘ஏறத்தாழ’வும் இந்த வழியில் வந்ததுதான். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மிச்சம் உண்டு. அதில் சந்தேகம் இல்லை.

நிறுத்தாவிட்டால்? இந்தக் கேள்வி துணிக்கடைக்கு வெளியில் உள்ளது. இது ஸ்டெவினுக்கு வெகுகாலம் முன்பே, தசமப் புள்ளி இல்லாமலே கேட்கப்பட்டுவிட்டது.

4

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்யூஸ் நகரத்தில் ஆர்க்கிமிடீஸ், பரவளைவை ஒரு நேர்கோட்டால் வெட்டினால் கிடைக்கும் துண்டின் பரப்பைக் கண்டுபிடிக்க முயன்றார். உள்ளே ஒரு முக்கோணம் வைத்தார். மீந்த இடத்தில் சிறிய முக்கோணங்கள். இரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் கால்பங்கு. இன்னும் மீந்த இடத்தில் இன்னும் சிறியவை. அந்தக் காலில் கால்பங்கு. இப்படியே போகும். மொத்தப் பரப்பு முதல் முக்கோணத்தைப் போல ஒன்றே மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னார். அதாவது காலும், காலில் காலும், அதில் காலும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று.

ஆனால் அவர் முடிவில்லாமல் கூட்டினேன் என்று சொல்லவே இல்லை. கிரேக்கர்களுக்கு அந்தச் சொல்லில் பயம் இருந்தது. அதற்கு இருநூறு வருஷம் முன்பு எலியா ஊர் ஸீனோ, பாதி தூரம், அதில் பாதி, அதில் பாதி என்று போகிறவன் எப்படி ஊர் சேருவான் என்று கேட்டு எல்லோரையும் கலங்க வைத்திருந்தார். ஆர்க்கிமிடீஸ் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். பரப்பு இதைவிட அதிகம் என்று வைத்துக்கொள், முரண் வரும். குறைவு என்று வைத்துக்கொள், அப்போதும் முரண் வரும். அதிகமும் இல்லை குறைவும் இல்லை என்றால் சமம் தவிர வேறு வழி இல்லை. இதற்கு அவர் ஓர் அடிப்படையை வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு அளவுகள் சமம் இல்லையென்றால், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு சிறியதானாலும், அதைத் தன்னோடு தானே போதுமான தடவை கூட்டினால் எந்த அளவையும் தாண்டிவிடும் என்பது அது.

ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, திரூர் அருகே திருக்கண்டியூரில் அதே தொடர் மறுபடி வருகிறது. நீலகண்ட சோமயாஜி 1444-ல் பிறந்து நீண்ட ஆயுள் வாழ்ந்தவர். ஆரியபடீயத்துக்கு அவர் எழுதிய பாஷ்யம் 1930-ல் திருவனந்தபுரத்தில் அச்சேறத் தொடங்கியது. வட்டத்தின் ஒரு சிறு வில்லை அதன் நாணையும் அம்பையும் கொண்டு அளக்கும் சூத்திரத்தை விளக்கும் இடத்தில் அவருக்குக் காலும் காலில் காலும் கூட்டினால் மூன்றில் ஒன்று என்பது தேவைப்படுகிறது. அங்கே நின்று அவர் ஒரு கேள்வி எழுப்புகிறார். இந்தக் கூட்டல் அந்த அளவுவரைதான் வளரும் என்று எப்படித் தெரியும்? அந்த அளவுவரை கட்டாயம் வளரும் என்றும் எப்படித் தெரியும்?

இரண்டாவது கேள்விதான் எனக்கு ஆச்சரியம் தருகிறது. தாண்டாது என்று காட்டுவது எளிது. அங்கேயே நின்றுவிட்டால் நண்பரின் கவிதை கிடைக்கும். முன்னாலேயே எங்கோ தேங்கிவிடாது என்று காட்டுவதுதான் கஷ்டம். நீலகண்டர் மூன்றில் ஒன்றை எதிர்ப்பக்கத்திலிருந்து உடைக்கிறார். மூன்றில் ஒன்று என்பது காலும் பன்னிரண்டில் ஒன்றும். பன்னிரண்டில் ஒன்று என்பது காலில் மூன்றில் ஒன்று. ஆகவே அது பதினாறில் ஒன்றும் நாற்பத்தெட்டில் ஒன்றும். இப்படி ஒவ்வொரு படியிலும் எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கையில் கணக்கு இருக்கிறது. எந்தப் படியிலும் மிச்சம், கடைசியாக எடுத்ததில் மூன்றில் ஒன்று. மிச்சம் எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது.

நம் எண்ணுக்கு இதை அப்படியே போடலாம். ஒன்று என்பது பத்தில் ஒன்பதும் பத்தில் ஒன்றும். பத்தில் ஒன்று என்பது நூறில் ஒன்பதும் நூறில் ஒன்றும். இப்படியே போகும். 0.999... ஒன்றைத் தாண்டாது. குறைவு என்றால் எவ்வளவு குறைவு? பத்தில் ஒன்றைவிடக் குறைந்த குறை, நூறில் ஒன்றைவிடக் குறைந்த குறை, கோடியில் ஒன்றைவிடவும் குறைந்த குறை. எத்தனை தடவை தன்னோடு கூட்டினாலும் ஒன்றைத் தாண்டாத குறை. ஆர்க்கிமிடீஸ் கேட்டு வாங்கிய அடிப்படை, அப்படி ஒரு குறைக்கு இடம் தரவில்லை. அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் இங்கே முன்பே இருந்தது என்று கொடி பிடிக்க இதை நான் சொல்லவில்லை. அப்படிப் பிடித்தால் முதலில் நாசமாவது நீலகண்டரின் அந்தக் கேள்விதான். தன் ஆசிரியர் பரம்பரையிலிருந்து வந்த முடிவைப் பார்த்து ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டவர் அவர். அதை மறந்துவிட்டு முடிவை மட்டும் பெருமையாக எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

5

இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. 0.999... என்ற எண் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மேலே வாதாடினேன். அது இருக்கிறதா? முடிவில்லாத கூட்டல் என்றால் என்ன?

பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1770-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஆய்லரின் அல்ஜீப்ரா பாடநூலில் 9.999... பத்துக்குச் சமம் என்று சாதாரணமாக வருகிறது. பீட்டர்ஸ்பர்க்கில் கண்பார்வை போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் வாய்விட்டுச் சொல்ல இன்னொருவர் எழுதிய புத்தகம் அது. இன்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் குறுக்குவழியும் அந்த மனோபாவத்தில் பிறந்ததுதான். 0.999...-ஐப் பத்தால் பெருக்கு, 9.999... வரும். இதிலிருந்து அதைக் கழி. வால்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்பது மடங்கு ஒன்பது என்று வரும். ஆகவே அது ஒன்று.

விடை சரி. வழியில் எனக்குத் திருப்தி இல்லை. இதே வித்தையை இடது பக்கமாக ஓடும் ஒன்பதுகளுக்குச் செய்து பாருங்கள். முடிவில்லாமல் இடப்புறம் நீளும் ...999-ஐப் பத்தால் பெருக்கினால் ...990. முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் ஒன்பது. அதாவது மைனஸ் ஒன்பது மடங்கு ஒன்பது. ஆகவே அந்தப் பிரம்மாண்டமான எண் மைனஸ் ஒன்று! நம் சாதாரண எண்களில் இதற்கு அர்த்தமே கிடையாது. அர்த்தம் தரக்கூடிய வேறு எண் அமைப்பு வெகுகாலம் கழித்துத்தான் உருவானது. 1703-ல் இத்தாலியப் பாதிரியார் கிடோ கிராண்டி, ஒன்று கழித்தல் ஒன்று கூட்டல் ஒன்று கழித்தல் ஒன்று என்ற தொடரை எடுத்தார். ஒருவிதமாக அடைப்புக்குறி போட்டால் பூஜ்யம், இன்னொருவிதமாகப் போட்டால் ஒன்று, சூத்திரத்தில் போட்டால் அரை. சூனியத்திலிருந்து கடவுள் உலகத்தைப் படைத்தது சாத்தியம் என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டினார். லைப்னிட்ஸும் அரை என்பதை ஏற்றுக்கொண்டார். முடிவின்மையை வரையறுக்காமல் கையாண்டால் எவ்வளவு பெரிய மூளையும் இப்படித்தான் வழுக்கும்.

இதற்குக் கடிவாளம் போட்டவர்கள் போல்ஸானோவும் கோஷியும். போல்ஸானோ 1817-ல் பிராகில் எழுதியதை அன்று அதிகம் பேர் படிக்கவில்லை. பாரிஸில் 1821-ல் கோஷி எழுதிய பாடநூலை எல்லோரும் படித்தார்கள். அவர்கள் செய்தது பார்வைக்குச் சின்ன காரியம். முடிவில்லாத கூட்டலின் தொகை என்ன என்று தேடுவதை விட்டுவிட்டு, தொகை என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தீர்மானித்தார்கள். ஓரிடத்தில் நிறுத்திக் கூட்டிய எண்கள் 0.9, 0.99, 0.999 என்று வரிசையாக நிற்கின்றன. நீங்கள் எவ்வளவு நுண்ணிய வித்தியாசம் கேட்டாலும், வரிசையில் ஓரிடத்துக்குப் பிறகு எல்லாமே ஒரு குறிப்பிட்ட எண்ணிலிருந்து அதைவிடக் குறைந்த தூரத்தில் இருந்தால், அந்த எண்தான் எல்லை. தொகை என்று சொல்வது அந்த எல்லையைத்தான். தொகை எல்லையை நோக்கிப் போகிறது என்பது கிடையாது. எல்லைக்குத்தான் தொகை என்று பெயர்.

நண்பருடைய வாக்கியத்தில் எங்கே பிசகு என்பது இங்கே தெரிகிறது. நெருங்குகிறது என்ற வினை அந்த வரிசைக்கு உரியது. 0.9 நெருங்குகிறது, 0.99 இன்னும் நெருங்குகிறது. அவற்றில் ஒன்றும் ஒன்றைத் தொடாது. நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் 0.999... அந்த வரிசையில் ஓர் உறுப்பினர் இல்லை. அது நெருங்குவதில்லை. எண் நடக்காது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சிரமமாக இருக்கக் கூடாது. நமக்கு வினையாலணையும் பெயர் தெரியும். ‘வந்தவர்’ என்ற சொல்லுக்குள் வருதல் என்ற வினை இருக்கிறது, காலம்கூட இருக்கிறது. ஆனாலும் சொல் சுட்டுவது ஓர் ஆளை. வந்தவர் காப்பி குடித்தார் என்றால், அவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. 0.999... என்பதும் வினையின் உருவம் கொண்ட பெயர்தான். அந்தப் பெயருக்கு உரிய ஆள் ஒன்று. அந்த ஆளுக்கு 1 என்று சுருக்கமான பெயரும் இருக்கிறது. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரேதான், ஏறத்தாழ ஒருவர் இல்லை.

6

ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருப்பது வெறும் வேடிக்கை இல்லை. கவனிக்காமல் போனால் பெரிய காரியமும் கெடும். 1877 ஜூனில் கேன்டர் தன் நண்பர் டெடகிண்டுக்கு ஒரு நிரூபணம் எழுதி அனுப்பினார். ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளையும் ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகளையும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துவிடலாம் என்பது அது. தசம இலக்கங்களைப் பின்னிச் சேர்ப்பதுதான் யுக்தி. 0.3 என்பதற்கே 0.2999... என்றும் பெயர் உண்டாகையால் குழப்பம் வரும் என்று உணர்ந்து, இரண்டில் ஒரு பெயரை அவர் தள்ளி வைத்திருந்தார். டெடகிண்ட் உடனே பதில் எழுதினார்: அப்படித் தள்ளியதால் சில புள்ளிகளுக்கு ஜோடி கிடைக்காமல் போகிறது. கேன்டர் முழு நிரூபணத்தையும் வேறு வழியில், தொடர் பின்னங்களைக் கொண்டு, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1878-ல் அச்சில் வந்தது அந்த இரண்டாவது வழி. ஒரு சின்னச் சமக்குறி கணிதத்தின் மிகத் துணிச்சலான முடிவுகளில் ஒன்றை உலுக்கிப் பார்த்துவிட்டது.

இந்த டெடகிண்ட்தான் எண் என்றால் என்ன என்பதையும் அடியிலிருந்து கேட்டவர். 1858-ல் ஸூரிக்கில் பாடம் நடத்தும்போது, எல்லையைப் பற்றிச் சொல்ல வரும் இடத்தில் படம் வரைந்து காட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் தேதி விடை கிடைத்தது என்று அவரே தேதி குறித்திருக்கிறார். பதினான்கு வருஷம் வைத்திருந்து 1872-ல் வெளியிட்டார். பின்னங்களை இடம் வலம் என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் ஒவ்வொரு வெட்டும் ஓர் எண் என்றார். இந்தக் கண்ணோடு பார்த்தால் நம் கேள்வி ஒரு வரியில் தீரும். 0.999...-க்குக் கீழே இருக்கும் பின்னங்களும் ஒன்றுக்குக் கீழே இருக்கும் பின்னங்களும் அச்சாக அவையே. ஒரே வெட்டு, ஆகவே ஒரே எண்.

மறுத்தவர்கள் இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பிரௌவர், முடிந்துவிட்ட முடிவின்மை என்று ஒன்று கிடையாது, மனம் கட்டிக்கொண்டு போவது மட்டும்தான் உண்டு என்றார். நண்பருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய மனிதர். ஆனால் அவரிடமும் இந்தச் சமம் குலையவில்லை. எந்த நுண்மை கேட்டாலும் அதற்குள் அடங்கும் இரண்டு எண்களை அவரும் சமம் என்றுதான் சொல்வார். 1966-ல் ஏப்ரஹாம் ராபின்ஸன், எந்தப் பின்னத்தைவிடவும் சிறியதாகவும் பூஜ்யம் அல்லாததாகவும் உள்ள நுண்ணளவுகளைக் கொண்ட எண் அமைப்பைப் பழுதில்லாமல் கட்டிப் புத்தகமாக வெளியிட்டார். ஆர்க்கிமிடீஸ் கேட்டு வாங்கிய அடிப்படை அங்கே செல்லாது. அங்கே, முடிவிலியான ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்ட ஒன்பதுகள் ஒன்றைவிட ஒரு நுண்ணளவு குறைவுதான். எல்லோருக்கும் தோன்றுகிற அந்த மயிரிழை இடைவெளிக்கு ஒரு கௌரவமான வீடு கிடைத்துவிட்டது. ஆனால் கவனிக்க வேண்டும்: அங்கேயும் நிறுத்தினால்தான் குறை. நிறுத்தாமல் அந்த அமைப்பின் எல்லா இடங்களிலும் ஒன்பது எழுதினால் அங்கேயும் அது ஒன்று. தவிர, நண்பரின் உள்ளுணர்வு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர ராபின்ஸன் தர்க்கவியலில் எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது! மாடியில் உட்கார்ந்து தலையாட்டிக் கிடைத்ததில்லை அது.

7

இவ்வளவையும் ஓர் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். அந்த மூன்று புள்ளிகளுக்காகத்தான்.

நம் புதுக்கவிதையில் மூன்று புள்ளிகள் ஏராளம். கவிஞன் ஒரு வரியில் நிறுத்திவிடுகிறான். மேலே சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தியதாகத் தெரியக் கூடாது. புள்ளி வைக்கிறான். ‘இதற்கு அப்பால் சொல்லில் அடங்காதது இருக்கிறது, வாசகனே, நீயே போய்க்கொள்’ என்று அர்த்தம். வாசகனும் அந்தக் காலி இடத்தில் தன் ஏக்கத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டு, கவிதை ஆழம் என்று நினைக்கிறான். விமர்சனத்திலும் நாம் இதையே செய்கிறோம். முடிவின்மை, மௌனம், எட்டாமை என்ற சொற்கள் வந்துவிட்டால் பிறகு யாரும் யாரையும் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்பதில்லை.

0.999...-இல் உள்ள மூன்று புள்ளிகள் இதற்கு நேர் எதிர். அங்கே வாசகன் நிரப்ப ஒன்றும் இல்லை. நூறாவது இடத்தில் என்ன, கோடியாவது இடத்தில் என்ன என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது. நான் பார்த்த குறியீடுகளில் மிகவும் கறாரானவற்றில் அது ஒன்று. நண்பர் அந்தக் கறாரான புள்ளிகளை எடுத்து நம்முடைய சோம்பேறிப் புள்ளிகளுக்குச் சாட்சியாக நிறுத்தினார் என்பதுதான் என் வருத்தம்.

அவர் சொல்ல வந்ததில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுதுகிற ஒவ்வொருவனும் எங்கேயோ நிறுத்துகிறான், நிறுத்திய இடத்தில் ஒரு குறை இருக்கிறது. ஸ்டெவின் அதை ஒப்புக்கொண்டார். நீலகண்டர் ஒவ்வொரு படியிலும் அந்தக் குறை எவ்வளவு என்று சொன்னார். 0.999 என்று எழுதி நிறுத்தினால் குறை ஆயிரத்தில் ஒன்று. அதைச் சொல்லிவிடலாம். நிறுத்திவிட்டு, நிறுத்தவில்லை என்ற பாவனையும் செய்தால்தான் பொய் வருகிறது.

இதையெல்லாம் நண்பருக்குக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை. போன மாதம் அதே மாடியில் அவரைச் சந்தித்தேன். கடிதத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார். நீலகண்டரின் இரண்டாவது கேள்வி மட்டும் மனதில் நிற்கிறதாம். மற்றபடி கவிதை பற்றி அன்று சொன்ன கருத்தில் இம்மியளவும் மாற்றம் இல்லை என்றார்.

இருக்கட்டும். வீட்டுக்கு வந்து பழைய டிரங்குப் பெட்டியில் அந்தப் பள்ளிக்கூட நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ‘ஏறத்தாழ’வை அடித்துவிட்டு சமக்குறியைத் திரும்பப் போட்டிருப்பேன்.